சங்கத்தின் இணையத்தளமும் ஒரு கடைதான்

நம்மில் அநேகர் கடையோடு சேர்த்து ஏதாவது ஒரு பொதுப்பணியையும் தோளில் சுமப்பவர்கள். பள்ளிவாசல் நிர்வாகம், நலன்புரிச் சங்கம், புலமைப்பரிசில் நிதியம், இரத்ததான ஏற்பாடு என்று ஏதோ ஒன்றில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்போம். இப்படியான சங்கங்கள் பலவும் இன்று இணையத்தளம் வைத்திருக்கின்றன. ஆனால் திறப்பு விழா நடந்த நாளில் போட்ட படங்களோடு அவற்றுள் பல நின்றுபோயுள்ளன. கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனவன் நிலைதான் அது. அந்தத் தவறை நாங்களும் செய்தோம். அதனால் ஏற்பட்ட நட்டத்தையும், அதிலிருந்து கற்ற பாடங்களையும் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் வவுனியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். கணினி படித்தவனல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர், 2009இல் யுத்தம் முடிந்த பின் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற இடங்களுக்குத் திரும்பத் தொடங்கினர். அவர்களுக்கும் அயலில் உள்ள ஏனைய மக்களுக்கும் கிணறு திருத்துதல், பிள்ளைகளின் படிப்புச் செலவு, இடர்கால நிவாரணம் ஆகியவற்றில் உதவுவதற்காக வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சிறு தொண்டர் சங்கம் அமைத்தோம். உறுப்பினர்கள் ஓரிடத்தில் இல்லை. சிலர் புத்தளத்தில், சிலர் கொழும்பில், பிள்ளைகள் வளைகுடா நாடுகளில். எல்லோரையும் இணைக்க ஓர் இணையத்தளம் வேண்டும் என்றார்கள். கணினி தெரிந்த ஒரு தம்பி இலவசமாகவே செய்து தந்தார். அழகாகவும் இருந்தது. அதோடு அந்த விடயம் முடிந்துவிட்டதென்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்ந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தஞ்சமடைந்தன. புத்தளத்தில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் அரிசி, பருப்பு, பாய், போர்வை என ஒரு லொறி நிறைய ஏற்றினார். எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று கேட்பதற்கு எமது இணையத்தளத்தைத் திறந்து, அதில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தார். அது இரண்டு வருடத்துக்கு முன் விலகிச் சென்ற செயலாளரின் இலக்கம், பாவனையில் இல்லை. நான்கைந்து தடவை முயன்றுவிட்டு, லொறியை கிளிநொச்சி நகரில் கண்ணில் பட்ட முதல் பாடசாலையில் இறக்கச் சொல்லிவிட்டார். அங்கே அரிசி ஏற்கெனவே மலைபோல் குவிந்திருந்தது. நாங்கள் நின்ற இடத்திலோ அன்றிரவு பாயும் போர்வையும் இன்றிப் பிள்ளைகள் சீமெந்துத் தரையில் படுத்தார்கள்.

பின்னர் அவர் கேட்டார்: “நானா, ஒரு ரெலிபோன் இலக்கத்தை மாத்த உங்களுக்கு ரெண்டு வருஷம் போதலையா?” என்னிடம் பதில் இருக்கவில்லை. கடையில் ஓர் இலக்கம் மாறினால் அன்றே பில் புத்தகத்தில் முத்திரை குத்தி மாற்றுகிறவன் நான்.

பாடம் 1: வருபவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தொண்டர் சங்கமொன்றின் தளத்துக்குப் பெரும்பாலும் மூன்று வகையினர் வருவார்கள். ஒருவர் உதவி தேடி வருபவர். அடுத்தவர் உதவி செய்ய வருபவர். மூன்றாமவர், கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பார்க்க வருபவர். இம்மூவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் விடை கிடைக்க வேண்டும். தலைவரின் வாழ்த்துச் செய்தியும் பொன்னாடை போர்த்திய படமும் இவர்களில் எவருக்கும் தேவையில்லை.

எனவே முதற் பக்கத்தில் இவை இருந்தால் போதும்: நாங்கள் என்ன செய்கிறோம், எந்தெந்த ஊரில் செய்கிறோம், இப்போது என்ன தேவை, யாரை எந்த நேரத்தில் அழைக்கலாம், எந்த வங்கிக் கணக்கு, இந்தப் பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட திகதி எது. சமூக சேவைத் தொண்டர் அமைப்புகளைப் பதிவு செய்வதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் சங்கம் பதிவு பெற்றதாயின் பதிவிலக்கத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் நம்பிப் பணம் அனுப்ப அது ஒரு பிடிமானம்.

பாடம் 2: நம் நாட்டிலேயே இருக்கும் முன்மாதிரி

லொறி இடம் மாறிப்போன விவகாரத்தைக் கொழும்பில் கணினித் துறையில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, “இதற்கு 2005ஆம் ஆண்டே மருந்து கண்டுபிடித்தாயிற்றே” என்றார். அவர் சொன்னது ‘சஹானா’வைப் பற்றி.

2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. முல்லைத்தீவுக் கரையோரம் அழிந்ததை நாமறிவோம். அப்போது உதவிக்குப் பஞ்சமிருக்கவில்லை; ஒழுங்குக்குத்தான் பஞ்சம். ஒரு முகாமுக்கு நான்கு அமைப்புகள் போயின, இன்னொரு முகாமுக்கு எவரும் போகவில்லை. இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து, சில நாட்களுக்குள் இணையம் வழியாக இயங்கும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் இதற்குத் துணை நின்றது. சிங்களத்தில் ‘சஹன’ என்றால் நிவாரணம்.

அதில் நான்கு பதிவேடுகள் முக்கியமானவை. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்கள் பற்றிய பதிவேடு, எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன வேலை செய்கிறது என்ற பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற பதிவேடு. சரக்கு இருக்கும் இடத்தையும் சரக்குத் தேவைப்படும் இடத்தையும் ஒரே தாளில் எழுதி வைப்பதுதானே மொத்த வியாபாரம்? அதையேதான் அவர்கள் செய்தார்கள். அந்த மென்பொருளை விலைக்கு விற்காமல் எவரும் எடுத்துப் பாவிக்க விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

நமது சிறு சங்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் அதன் கருத்து தேவை. இப்போது எமது தளத்தில் ‘இன்றைய தேவை’ என்று ஒரு பக்கம் உண்டு. ஊர், பொருள், எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைத்துவிட்டது, பொறுப்பாளரின் இலக்கம் என ஐந்து நிரல்கள். இடர்காலத்தில் தினமும் மாலை மஃரிபுக்குப் பின் ஒருவர் அதைத் திருத்துவார். தேவை முடிந்தால் ‘போதும், இனி அனுப்ப வேண்டாம்’ என்று எழுதத் தயங்குவதில்லை. நிவாரணத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லும் ஓர் உதவிதான். அந்த லொறி வேறொரு ஊருக்குப் போகும்.

பாடம் 3: உறுதி யாருடைய பெயரில்?

கடை வாங்கினால் உறுதி யாருடைய பெயரில் என்று மூன்று முறை பார்ப்போம். இணையத்தளத்தின் முகவரியும் அப்படியொரு சொத்துத்தான். அதை நாம் விலைக்கு வாங்குவதில்லை. வருடக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம். தவணை தவறினால் போய்விடும். பொதுவாக ‘டொட் ஓர்க்’ போன்ற முகவரிகள் காலாவதியானால் பதிவு செய்த நிறுவனம் சில வாரங்கள் தவணை தரக்கூடும். அதன் பின் 30 நாட்கள் மீட்புக் காலம்; அப்போது கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் 5 நாளில் அழிக்கப்பட்டு, உலகில் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

எமது முகவரி அந்தத் தம்பியின் சொந்த மின்னஞ்சலில், அவருடைய சொந்த வங்கி அட்டையில் பதிவாகியிருந்தது. நல்ல மனதோடுதான் செய்தார். பிறகு அவர் கட்டாருக்குப் போனார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டார், அட்டையும் காலாவதியானது. 2022இல் நாமெல்லாம் எரிபொருள் வரிசையில் நின்ற காலம். எங்கள் முகவரி கைவிட்டுப்போனதை எவரும் கவனிக்கவில்லை. லண்டனில் இருக்கும் ஹாஜியார் ஒருவர், எமது சங்கத்துக்கு வழமையாக ஸகாத் அனுப்புபவர், ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். “உங்கட தளத்தைத் திறந்தேன், சூதாட்ட விளம்பரம் வருகுதே, என்ன இது?” என்றார். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. நாம் விட்ட முகவரியை யாரோ எடுத்து, நம் பெயரைத் தேடி வருபவர்களைச் சூதாட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பி எடுக்க எங்களால் முடியவில்லை. புதிய முகவரி வாங்கி, பழைய முகவரியை நம்ப வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் அறிவிப்பதில் ஆறு மாதம் போனது.

ஆகவே, முகவரி சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் சங்கத்தின் பொது மின்னஞ்சலாக இருக்க வேண்டும். கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பிரதியை உறையிலிட்டுச் சங்கப் பெட்டகத்தில் வையுங்கள். நிர்வாகம் மாறும் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, உடனே மாற்றிவிடுங்கள். காலாவதித் திகதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதுங்கள். முடிந்தால் பல வருடங்களுக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுங்கள்.

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. டொலரில் கட்டிவந்த சங்கங்களுக்குச் செலவு ஒரே வருடத்தில் எகிறியது. இலங்கையின் ‘டொட் எல்.கே.’ முகவரியை ரூபாவிலேயே பதியலாம். ‘டொட் இலங்கை’ என்று முழுக்கத் தமிழிலேயே முடியும் முகவரிகளும் உண்டு.

பாடம் 4: தமிழ், தேடினால் அகப்படும் தமிழாக இருக்கட்டும்

நமது அச்சகங்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அச்சுக்கு அது சரி. இணையத்துக்கு ஆகாது. பாமினியில் நமது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துக் கலவைதான். கூகுளில் ‘முல்லைத்தீவு நிவாரணம்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் வராது. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் புரியாத எழுத்துக்களே தெரியும். யூனிகோட் முறையில் எழுதினால் எந்தத் தொலைபேசியிலும் தெரியும், தேடினாலும் அகப்படும். பழைய அறிக்கைகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை ஒப்புநோக்குங்கள். அறிவித்தலைப் படமாகப் பிடித்துப் போடும் வழக்கமும் இதே குறையுடையது. படத்துக்குக் கீழே அதே விடயத்தை எழுத்திலும் போடுங்கள்.

தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பக்கமாவது இருக்க வேண்டும். 2018 வெள்ளத்தின் போது தெற்கிலிருந்து வந்த உதவி குறைவானதல்ல. அவர்களுக்கு நமது ஊரின் பெயர்கூட வாசிக்கத் தெரியாமல் போகக் கூடாது.

பாடம் 5: பாரம் குறைந்த பக்கம்

கொழும்பிலிருந்து செய்து தருபவர் வேகமான இணைப்பில் பார்த்துத் திருப்திப்படுவார். பாவிப்பவரோ ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வேலி ஓரத்தில், சமிக்ஞைக் கோடு ஒன்றோ இரண்டோ தெரியும் தொலைபேசியோடு நிற்பார். தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 3, 4 மெகாபைட் இருக்கும். அப்படிப் பத்துப் படம் போட்டால் அவருடைய டேட்டாவைத் தின்றுவிடும், பக்கமும் திறக்காது. படங்களைச் சுருக்கி 100 கிலோபைட் அளவில் போடலாம். தொலைபேசி இலக்கம் படங்களுக்கு மேலே, முதல் வரியிலேயே இருக்கட்டும். புதிதாக எதையும் சேர்த்தால், கிராமத்தில் உள்ள உறுப்பினர் ஒருவரிடம் மலிவான தொலைபேசியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் ‘வருகுது’ என்றால்தான் வேலை முடிந்தது.

பாடம் 6: சிறிதாக இருந்தாலும் தொடர்ச்சியாக

தொண்டர்களைக் கொண்டு நீண்டகாலம் நடக்கும் இணையத்தளம் எது என்று கேட்டால், நம்மவர் முயற்சியில் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தைச் சொல்வேன். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் இழப்பை அறிந்த தலைமுறையினர் சிலர் 2005இல் அதைத் தொடங்கினர். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் ஒளிவருடி, எவரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருளில்தான் அதுவும் இயங்குகிறது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. நமது கடையில் சரக்குக்கு இலக்கம் போடுவதைப் போல. இரண்டாவது, ஒருவர் தங்கி நிற்காமல் பலர் திருத்தக்கூடிய முறை. ஒருவர் விலகினால் வேலை நிற்காது. மூன்றாவது, தமது வேலை பற்றிய அறிக்கைகளையும் பொதுவில் வைக்கிறார்கள்.

எமது சங்கத்தில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்துள்ளோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இருவர் அமர்ந்து தளத்தைத் திறப்பார்கள். எல்லாத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைத்துப் பார்ப்பது, முடிந்துபோன அறிவித்தலை அகற்றுவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, முழுத் தளத்தையும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது என்று நான்கு வேலை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போவதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளில் தளம் இயங்குமானால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பதிப்பின் ஓட்டைகள் திருடனுக்கு நன்றாகத் தெரியும். பிரதி எடுக்காமல் இருந்ததன் நட்டத்தை 2022இல் அனுபவித்தோம். 1996 முதல் உலகின் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்தில் எமது பழைய பக்கங்கள் சிலவற்றையே மீட்க முடிந்தது. மற்றவை போயே போயின.

பாடம் 7: கணக்கும் கண்ணியமும்

பிறர் தந்த பணம் நமது கையில் அமானிதம். வருடக் கணக்கறிக்கையைத் தளத்தில் போடுங்கள். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கடைக்காரனுக்குப் புரியும் ஒரு பக்கம் போதும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்; தனிநபர் கணக்கை ஒருபோதும் போடாதீர்கள்.

ஆனால் கணக்குக் காட்டுவதற்காக ஏழையின் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. உலர் உணவுப் பொதி வாங்கும் விதவைத் தாயைப் படம் பிடித்து, பெயரும் ஊரும் எழுதிப் போட்ட காலம் எமக்கும் இருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளை சொன்னது: “மாமா, உம்மாட படத்தை எடுத்திடுங்களேன், கிளாஸ்ல பார்த்துட்டுச் சிரிக்கிறாங்க.” அன்றே எல்லாவற்றையும் அகற்றினோம். இப்போது கிணறு திருத்தினால் கிணற்றின் படம் மட்டும் போடுகிறோம். நன்கொடை குறையும் என்று சிலர் பயந்தார்கள், குறையவில்லை. தனிப்பட்ட விபரங்களைப் பேணுவதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துள்ளது. பயனாளிகளின் பட்டியலும் அடையாள அட்டை இலக்கமும் அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியவை; தளத்துக்கு உரியவையல்ல.

முகப்புத்தகம் போதாதா?

‘முகப்புத்தகமும் வட்ஸ்அப்பும் இருக்க, தளம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் வேண்டும். செய்தியைப் பரப்ப அவற்றைப் போல வேறில்லை. ஆனால் அங்கே போட்டது அடுத்த வாரம் அடியில் போய்விடும். போன வருடக் கணக்கறிக்கையை வட்ஸ்அப் குழுவில் தேடிப் பாருங்கள், தெரியும். முகப்புத்தகம் சந்தையில் சத்தம் போட்டு விற்பது போன்றது. இணையத்தளம் நிலையான கடை. சந்தையில் கூப்பிடுங்கள், கடைக்கு வரச் சொல்லுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இதை வாசித்து முடித்ததும் உங்கள் சங்கத்தின் தளத்தை உங்கள் தொலைபேசியில் திறந்து பாருங்கள். அதில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள். முகவரி யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று செயலாளரிடம் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அடுத்த கூட்டத்தின் முதல் விடயம் அதுவாக இருக்கட்டும். வன்னியில் மழைக்காலம் ஒவ்வொரு வருடமும் வரும். லொறி புறப்படும் நேரத்தில் அந்த இலக்கம் ஒலிக்க வேண்டும், நம்மில் ஒருவர் அதை எடுக்க வேண்டும்.